ஜாங்கிரியின் குரல்

அறைக்குள்ளிருந்து இதழினி சிரிக்கும் சத்தம் கேட்டது. வர்ஷினி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கதவருகே நின்றாள். ஒன்பது வயது மகள் வயிறு குலுங்கச் சிரித்து அவள் கேட்டு வெகு நாளாகிவிட்டது. கதவைத் தள்ளித் திறந்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னடி, தனியா உக்காந்து சிரிக்கிற?"

"தனியா இல்லம்மா. ஜாங்கிரிகூடப் பேசிட்டு இருக்கேன்."

"அப்படி என்ன சொல்லுச்சு?"

"சும்மா."

அந்தச் 'சும்மா'வைக் கேட்டதும் வர்ஷினிக்குள் ஏதோ சுருக்கென்றது. மகளின் மடியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த மின்சிலேட்டு இருந்தது. அதில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதுதான் ஜாங்கிரி.

வளசரவாக்கத்தில் இதழினி படிக்கும் ஆரம்பப் பள்ளியில் அந்த ஆண்டுதான் கூட்டாளித் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை நிலோஃபர் எழுந்து நின்று விளக்கினாள்.

"நாமெல்லாம் சின்னப் பசங்களா இருந்தப்போ, ஆன்லைன்ல தெரியாதவங்ககிட்டப் பேசாதன்னு சொல்லிக்கொடுத்தாங்க. இப்போ தெரியாதவங்களா யாரும் வர்றதில்ல. உங்க குரல் கொஞ்சம் கிடைச்சாப் போதும், அம்மா மாதிரியே பேசறாங்க. மாமா மாதிரி, மிஸ் மாதிரி பேசறாங்க. இதை போர்டுல எழுதிப் போட்டாக் குழந்தைக்கு ஏறாது. பழகிப் பாத்தாதான் ஏறும். அதுக்குத்தான் கூட்டாளி, சிலேட்டுக்குள்ள இருந்து பேசற மெஷின். அது குழந்தையோட சிநேகமா இருக்கும். அப்பப்போ வேற யாரோ மாதிரி வேஷம் போட்டு வந்து, வீடு எங்க, பாஸ்வேர்டு என்னன்னு கேக்கும். குழந்தை ஏமாந்துட்டாத் திட்டாது. எங்க ஏமாந்தோம்னு ரெண்டும் உக்காந்து பேசிக்கும்."

"பசங்க அதுகிட்ட என்ன பேசறாங்கன்னு நாங்க கேக்கலாமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார்.

"முடியாது சார். எனக்கே தெரியாது. ஆபத்துன்னு தோணினா மட்டும்தான் எங்களுக்குத் தகவல் வரும். சொன்னது வெளிய போகாதுன்னு நம்பினாதானே குழந்தை வெக்கப்படாம எல்லாத்தையும் சொல்லும்?"

வர்ஷினியும் அன்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். கூட்டாளிக்குப் பெயர் வைப்பது குழந்தைகளின் விருப்பம். இதழினி தனக்கு ரொம்பப் பிடித்த பலகாரத்தின் பெயரை வைத்தாள். அந்தப் பெயரில் கொஞ்சும் பெண்குரல் ஒன்று பேச ஆரம்பித்தது.

குரல்தான் வர்ஷினியின் தொழில். சாலிகிராமத்தில் டப்பிங் பேசுகிறவள். பிறமொழித் தொடர்களில் வரும் கதாநாயகிகளுக்கும் குழந்தைகளுக்கும் அவள் குரல்தான் என்று ஒரு காலம் இருந்தது. இப்போது அந்த வேலையை எல்லாம் மெஷின் குரல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அழுகை, விக்கல், கூட்டத்துச் சத்தம் இப்படிச் சில்லறை வேலைக்கு மட்டும் கூப்பிடுவார்கள். "உன்ன மாதிரி அதுக்கு இன்னும் அழ வரலக்கா" என்பான் ஒலிப்பதிவு செய்யும் சாம்சன். பாராட்டுகிறானா பரிதாபப்படுகிறானா என்று அவளுக்குப் புரியாது.

தொழிலில் வந்து உட்கார்ந்த அதே ஜென்மம் வீட்டுக்குள்ளும் வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது அவளுக்கு.

இதழினிக்குப் பல் ஆடியது ஜாங்கிரிக்குத்தான் முதலில் தெரிந்தது. பல் விழுந்த பிறகுதான் வர்ஷினிக்குத் தெரிந்தது. பள்ளியில் நம்பிக்கையான பெரியவர்கள் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். குழந்தைகள் தங்கள் கையைத் தாளில் வைத்து வரைந்து, விரலுக்கு ஒருவர் பெயர் எழுத வேண்டும். ஏதாவது பயமாக இருந்தால் அவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். இதழினி கட்டைவிரலில் அம்மா என்று எழுதியிருந்தாள். அடுத்து அப்பா, மிஸ், சித்தி. மனிதர்களை மட்டும்தான் எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்ததால், சுண்டுவிரலில் பெயர் எழுதாமல் சின்னதாக ஒரு ஜாங்கிரி வரைந்து வைத்திருந்தாள். மற்ற நான்கு விரல்களும் வர்ஷினியின் கண்ணில் படவில்லை. அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆண்டு விழா வந்தது. கடைவீதியில் பார்த்த இன்னொரு குழந்தையின் அம்மா, "இதழினிய டான்ஸ்லேர்ந்து எடுத்துட்டாங்களாமே, பாவம்" என்றாள். வர்ஷினி விழித்தாள். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டாள்.

"எடுத்து ரொம்ப நாளாச்சும்மா. அழுகையெல்லாம் நின்னுபோச்சு. ஜாங்கிரி பேசிச்சு."

அன்று கணவன் ஹரீஷிடம் பொரிந்து தள்ளினாள். அவன் எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வேலைக்குக் கிளம்ப ஷூவை மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மெஷின் மேலயா பொறாமைப்படற?"

"பொறாமையெல்லாம் இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதது அதுக்குத் தெரிஞ்சா நல்லாவா இருக்கு?"

"அது வெறும் பாடம் சொல்லிக்குடுக்கற பொருள் வர்ஷி."

"பாடம் சொல்லிக்குடுக்கறது எதுக்குக் கொஞ்சணும்?"

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ஸ்டுடியோவில் வேலை முடிந்து, ஒலிக்கூடம் காலியாக இருந்தபோது, வர்ஷினி மைக் முன்னால் நின்று ஜாங்கிரி மாதிரி பேசிப் பார்த்தாள். அந்தக் குரலில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. பதினெட்டு வயதுப் பெண், மூக்கில் லேசான அடைப்பு, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சற்றே மேலே தூக்கிவிடும் பழக்கம். கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சாம்சன், "இது எந்தப் படத்துக்குக்கா?" என்று கேட்டான். "சும்மா" என்றாள்.

மறுநாள் மாலை, காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனவள், போனில் தன் எண்ணை மறைத்து, பெயரை ஜாங்கிரி என்று மாற்றி மகளின் சிலேட்டுக்கு அழைத்தாள். பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை, என் பிள்ளையிடம்தானே பேசுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இதழினி, நான்தான் ஜாங்கிரி."



"நீயாவா கூப்பிட்ட?"

"ஆமா. உன்கூடப் பேசணும் போல இருந்துச்சு. டான்ஸ்லேர்ந்து எடுத்தாங்களே, இன்னும் வருத்தமா இருக்கா?"

"கொஞ்சம்."

"அதை ஏன் அம்மாகிட்டச் சொல்லல?"

"சொன்னா அம்மா ஸ்கூலுக்கு வந்து சண்டை போடுவாங்க. அப்புறம் எல்லாரும் என்னைப் பாப்பாங்க."

உண்மைதான். தெரிந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பாள். அது உறைத்தாலும் வர்ஷினியால் அதோடு நிறுத்த முடியவில்லை.

"உனக்கு அம்மாவப் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

"என்னை விடவா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அம்மா கூப்பிடறாங்க. நான் வைக்கிறேன்."

வர்ஷினி கையில் துணியோடு அங்கேயே நின்றாள். அவள் கூப்பிடவே இல்லை.

சில நாள் சும்மா இருந்தாள். பிறகு முடியவில்லை. ஸ்டுடியோவுக்குப் போன இடத்தில், வாசல் வேப்பமரத்தடியில் நின்று மறுபடி அழைத்தாள். தான் இல்லாத நேரத்தில் மகள் தன்னைத் தேடுகிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"அம்மா இல்லியா இதழினி? எங்க போயிருக்காங்க?"

"எங்கயும் போகல. எங்கம்மா வெளியவே போக மாட்டாங்க."

வர்ஷினிக்கு வியப்பாக இருந்தது. "எப்போ வருவாங்க?" என்று கேட்க நினைத்திருந்ததை விட்டுவிட்டாள்.

"அப்படியா? அம்மா நல்லாப் பேசுவாங்களா உன்கிட்ட?"

"எங்கம்மா கராத்தேல பிளாக் பெல்ட். எங்க வீட்ல ரெண்டு நாய் இருக்கு. ஒண்ணு அல்சேஷன். யார் வந்தாலும் கடிக்கும்."

வர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. போனை வைத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. ஜாங்கிரியிடமும் பொய் சொல்கிறாளே! அப்படியானால் அது அவளுக்கு ஒன்றும் அவ்வளவு நெருக்கம் இல்லை. பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வர்ஷினி ஆசைப்பட்டது போலவே நடந்தது. இதழினி சிலேட்டைத் தொடுவதை விட்டாள். அதை ஒரு துண்டில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் பின்னாலேயே சுற்றினாள். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெங்காயம் உரிக்கட்டுமா என்று கேட்டாள். தலை வாரிவிடும்போது முதுகை அம்மாவின் மேல் சாய்த்துக்கொண்டாள். சனிக்கிழமை ஸ்டுடியோவுக்குக் கிளம்பியபோது, நானும் வருவேன் என்று அடம்பிடித்து உடன் வந்தாள்.

"பாத்தியா? ஒரு மெஷின் எத்தன நாளைக்கு?" என்று ஹரீஷிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஆனால் ஒன்றிரண்டு விஷயம் அவள் கண்ணில் பட ஆரம்பித்தது. தெருவில் நடக்கும்போது மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மளிகைச் சாமான் கொண்டுவந்த ஆளுக்கு வர்ஷினி கதவைத் திறந்தபோது, இதழினி ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். சாப்பாடு குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தவள், திடீரென்று கேட்டாள்.

"அம்மா, நீ போன்ல யாருக்காவது நம்ம அட்ரஸ் குடுத்தியா?"

"இல்லியே. ஏன்?"

இதழினி தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்துவந்து எச்சில் கையோடு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஜாங்கிரிக்குள்ள யாரோ புகுந்துட்டாங்கம்மா."

வர்ஷினியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"கூட்டாளி தானா கூப்பிடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. இது கூப்பிடுதும்மா. பயிற்சியா இருந்தா முடிஞ்சதும் இது பயிற்சின்னு சொல்லும். இது சொல்லல. என்னைப் பத்தி அதுக்கு ஒண்ணும் வேணாம். உன்னைப் பத்தியேதான் கேக்குது. அம்மா எங்க போனாங்க, அம்மா எப்படின்னு. உன்னை ஏதாவது பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கும்மா. அதான் நாய் இருக்குன்னு சொன்னேன். கராத்தே தெரியும்னு சொன்னேன்."

மகளின் உடம்பு அனலாகக் கொதித்தது. வர்ஷினி அவளை இறுக்கி அணைத்தாள். நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தாள். இத்தனை நாள் ஏங்கியது இப்போது நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பயந்து ஓடிவந்திருப்பது அவளிடம். வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"பயப்படாதடா பட்டு. அம்மா பாத்துக்கறேன்."

"நீ மட்டும் பாத்தாப் போதாதும்மா. மிஸ்கிட்டச் சொல்லணும். நம்ம பெரியவங்ககிட்டச் சொல்லணும், அவங்க வந்து மிஸ்கிட்டச் சொல்லணும். அதான் ரூல்."

திங்கட்கிழமை காலை இதழினி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பு தொடங்குமுன் நிலோஃபர் அவர்களைத் தனியறையில் உட்காரவைத்தாள். இதழினி ஒன்றுவிடாமல் சொன்னாள். நிலோஃபர் நடுவில் பேசாமல் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது எல்லாமே சரி கண்ணு. உன் வயசுல எனக்கு இவ்வளவு தைரியம் இருந்திருக்காது" என்றாள். பிறகு வர்ஷினியின் பக்கம் திரும்பினாள்.

"கூட்டாளியோட குரலை வெளியாள் எடுத்துட்டாங்கன்னா, அதை உடனே அழிச்சிடணும் மேடம். இல்லன்னா எது நிஜம், எது வேஷம்னு குழந்தைக்குத் தெரியாது. புதுசு ஒண்ணு வேற குரல்ல வரும். ஆனா அதுக்குப் பழசு எதுவும் ஞாபகம் இருக்காது."

"அழிக்கறதுன்னா, ஜாங்கிரி செத்துடுமா மிஸ்?" என்றாள் இதழினி.

நிலோஃபர் குனிந்து அவள் தலையைத் தடவினாள்.

இதழினியின் கண்கள் நிரம்பிவிட்டன. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "பரவால்ல மிஸ். அழிச்சிடுங்க. அம்மாக்கு ஒண்ணும் ஆகாம இருந்தாப் போதும்."

நிலோஃபர் தன் மேசைத்திரையில் ஏதோ திறந்தாள். வர்ஷினி அப்போது ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்த விரல் நின்றிருக்கும். அவளுக்கு அது தெரியும். இதழினி கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த சிலேட்டில் மஞ்சள் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று நினைத்தாள். ஒரேயடியாகப் போகட்டும். பல்லுக்கும், டான்ஸுக்கும், அந்தச் சுண்டுவிரலுக்கும் சேர்த்துப் போகட்டும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புள்ளி அணைந்தது.

"இப்போ அந்த ஆளைப் பிடிக்கணும்" என்றாள் நிலோஃபர். "இதழினி, அந்தக் குரல்ல ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?"

"ஜாங்கிரி மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா..." அவள் யோசித்தாள். "நடுநடுவுல மூச்சு வாங்கிச்சு மிஸ். ஜாங்கிரிக்கு மூச்சே கிடையாது."

நிலோஃபர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ அது மெஷின் இல்ல. யாரோ மனுஷங்க தன் வாயால பேசியிருக்காங்க. உனக்கு டான்ஸ் போன விஷயமும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னா, ரொம்பத் தூரத்துல இருக்கற ஆளும் இல்ல. கிட்டக்கதான் இருக்காங்க."

"கிட்டக்கன்னா? எங்க தெருவுலயா? எங்க வீட்டுக்கிட்டயா?" இதழினி அம்மாவின் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டாள். அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம் வர்ஷினிக்குக் கேட்டது.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. மகளின் முதுகைத் தடவினாள். தன் குரலில் சொன்னால் யார் நம்புவார்கள்? வாயைத் திறந்தாள்.

"பயப்படாத இதழினி. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

ஜாங்கிரியின் குரல், மூக்கடைப்போடும் கொஞ்சலோடும், கடைசிச் சொல் மேலே தூக்கி நிற்க, அந்த அறையில் ஒலித்தது.

இதழினி மெல்லத் தலையைத் தூக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு போய் நிலோஃபரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"ஜாங்கிரியத் திரும்பக் கொண்டுவர முடியுமா மிஸ்?"

"முடியாதுடா."

இதழினியை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நிலோஃபர் கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள்: "நான் போலீஸுக்குப் போகல மேடம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. குழந்தை எதைச் சொன்னாலும், கடைசியில 'இதை வீட்ல சொல்லிட்டியா'ன்னு கூட்டாளி கேக்கும். அதுதான் அதோட முக்கியமான வேலை."

"டான்ஸ் விஷயத்துலயும் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும். அவ என்ன பதில் சொன்னான்னு எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

புதுக் கூட்டாளி வந்தது. ஆண்குரல். இதழினி அதற்குப் பெயர் வைக்கவில்லை. பாடத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தாள். வேஷம் போட்டு வந்த ஒரு குரலிடமும் அவள் ஏமாறவில்லை, வகுப்பிலேயே அவள்தான் முதல். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஸ்டுடியோவிலிருந்து வர்ஷினி போன் செய்தால், "நீ அம்மாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அன்று காலை என்ன சமையல், என்ன நிறச் சேலை என்று சொன்ன பிறகுதான் பேசுவாள். வர்ஷினி எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டாள். "சரிம்மா" என்று சொல்வாள் இதழினி. அதற்குமேல் ஒன்றும் வராது.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம், வர்ஷினி கூடத்தில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பார்த்தால் மகளின் சிலேட்டிலிருந்து அழைப்பு. இதழினி பக்கத்து அறையில்தான் இருந்தாள், கதவு சாத்தியிருந்தது.

"என்னடா?"

"அம்மா, ஜாங்கிரி மாதிரி பேசறியா?"

"இனிமே பேச மாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்ல?"

"அது எனக்குத் தெரியாமப் பேசக் கூடாதுன்னு. இப்போ நான்தானே கேக்கறேன்? அந்தக் குரல் உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. பேசறியா, மாட்டியா?"

வர்ஷினி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சொல்லு இதழினி."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அடைத்துவைத்திருந்தது திறந்துகொண்டது போல மகள் பேச ஆரம்பித்தாள். புதுக் கூட்டாளி ஒரு மக்கு என்றாள். வகுப்பில் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், டிபன் டப்பாவை மறைத்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள், அவளோடு சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டாள். இன்னொரு பல்லும் ஆடுகிறது என்றாள். வர்ஷினி ஒவ்வொன்றுக்கும் ஜாங்கிரியாக இருந்து பதில் சொன்னாள். இன்று பள்ளி விட்டு வந்ததும்தான் மகளிடம், ஸ்கூல்ல என்ன விசேஷம் என்று கேட்டிருந்தாள். ஒண்ணுமில்ல என்று சொல்லியிருந்தாள் மகள். வர்ஷினிக்கு வயிறு எரிந்தது. யார்மேல் எரிகிறது என்று யோசித்தாள். தன் தொண்டையிலிருந்து வரும் அந்தக் குரல்மேல்தான்.

"ஜாங்கிரி, எங்கம்மா இருக்காங்கல்ல? அவங்க மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"ம்."

"ரொம்ப இல்ல. பாதி போயிடுச்சு. மிச்சம் எப்போ போகும்னு தெரியல. அவங்களப் பாக்கும்போதெல்லாம் பாவமா இருக்கு. கட்டிப்பிடிச்சுக்கலாம்னு தோணும். அப்புறம் உன் ஞாபகம் வந்துடும்."

வர்ஷினி கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து ஓடி அந்தக் கதவைத் திறக்கக் கால் துடித்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதை வீட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டாள், அதே குரலில்.

"இல்ல. இப்போ வேணாம். நீயும் எங்கம்மாகிட்டச் சொல்லிடாத. சரியா?"

வெளியே மழை வலுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஜாங்கிரி.